சம்பந்தியம்மாவின் பங்கு

என் ஆசை அய்யாவுக்கு,

முத்து எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷமும் பதினெட்டு நாளும் ஆகிறது. இருந்தவரைக்கும் உங்களுக்கு ஒரு கடிதம்கூட நான் எழுதியதில்லை. தேனிக்கும் கோம்பைக்கும் நடுவே கடிதம் எழுதுகிற தூரமா இருக்கிறது? போன் போட்டால் "என்னாத்தா" என்பீர்கள், நான் ஏதாவது ஒரு சண்டையை ஆரம்பிப்பேன். இப்போது சண்டை போட ஆள் இல்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. தம்பி கிழக்குப் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைத்திருக்கிறான். திராட்சை அவனுக்குக் கட்டுப்படியாகவில்லையாம். அய்யா வைத்த கொடியை வெட்ட எப்படிடா மனசு வந்தது என்று கேட்டேன். "அப்ப நீ வந்து மருந்து அடி" என்றான். நான் பஸ் ஏறிவிட்டேன். உங்கள் பேரன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று வாரம் தவறாமல் புலம்புகிறான், ஆனால் ஒரு சுற்றுப் பெருத்துதான் வந்தான். உங்கள் மருமகன் எப்போதும் போலப் பாத்திரக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

இதைச் சொல்லவா எழுத உட்கார்ந்தேன்? இல்லை அய்யா. உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒரு பெரிய சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நீங்கள் போன இரண்டாம் மாதம், எங்கள் தெரு ஜெபக்கூட்டத்துக்கு வருகிற எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யா கடைசி நேரத்துலயாச்சும் ஏசுவ ஏத்துக்கிட்டாகளா முத்து?" என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். "அய்யோ பாவம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் உங்களை எங்கே அனுப்பிவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்த வார்த்தை பல மாதம் என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் சபைக் கோயிலுக்குப் போனேன், பாட்டுப் பாடினேன், எல்லாம் வாயளவில்தான். அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் பீடத்துக்கு எழுந்து போவார்கள், நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என் அய்யாவுக்கு இடமில்லாத வீட்டில் எனக்கு என்ன விருந்து? இதை யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போதகரிடம் கேட்டு, அவரும் "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

என் கல்யாணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, வெறுங்காலோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். நம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. இவர்கள் பக்கத்திலும் பாதிப் பேருக்கு முகம் சரியில்லை. தேனி அல்லிநகரத்தில் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கிற வியாபாரக் குடும்பத்துக்கு, கோம்பைக் காட்டிலிருந்து பொட்டு வைத்த ஒருத்தி மருமகளாக வந்தால் எப்படி இருக்கும்? என் மாமியார் அன்றைக்கு உங்களுக்கு வணக்கம் சொன்னார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த மாதமே நீங்கள் காளியம்மன் பொங்கலைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் தெருமுனை தாண்டியதும் மாமியார் அந்தச் சட்டியை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள். சாமிக்குப் படைத்ததை இவர்கள் சாப்பிட மாட்டார்கள். மறு வருஷமும் அதேதான். நான் ஆத்திரப்பட்டு உங்களிடம் சொன்னேன், இனிமேல் எதையும் கொண்டு வராதீர்கள் என்று. நீங்கள் சிரித்தீர்கள். "அவுகளுக்குப் படைச்சது ஆகாது, அம்புட்டுத்தான? படைக்கிறதுக்கு முன்னாடியே சம்பந்தியம்மா பங்க எடுத்து வச்சுட்டாப் போச்சு" என்றீர்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து அப்படித்தான் செய்தீர்கள். காளியம்மனைக் காக்க வைத்துவிட்டு என் மாமியாருக்குப் பொங்கலை முதலில் எடுத்து வைத்த மனிதர், அந்தப் பக்கத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

மாமியார் சாப்பிட்டார்கள். பதிலுக்கு, உங்கள் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சையை மட்டும்தான் திருவிருந்து ரசம் காய்ச்ச வாங்குவேன் என்று சபை மாதர் சங்கத்தில் பிடிவாதம் பிடித்தார்கள்.

நான் எப்படி இவர்கள் வழிக்கு வந்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே இறந்ததே, அப்போதுதான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் மாமியார் என் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம் பண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கர்த்தருடைய சித்தம் என்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் எதையாவது தூக்கி எறிந்திருப்பேன். என் காலைத் தடவிக்கொண்டே, "ஆண்டவரே, இங்கன வாரும், இந்தப் பிள்ளை பக்கத்துல கொஞ்சம் உக்காரும்" என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர் வந்து உட்கார்ந்தார் அய்யா. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை திரும்பி வரவில்லை, வலியும் போகவில்லை. ஆனால் அந்த அறையில் நான் தனியாக இல்லை. அந்தத் துணையை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை, அதன் பின்னாலேயே போனேன்.

நாலு வருஷம் கழித்து ஞானஸ்நானம் எடுக்க முடிவு செய்தபோது, உங்களிடம் சொல்லத் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தேன். நீங்கள் பந்தலில் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள், கையை நிறுத்தவில்லை. "சாமி கூப்புட்டாப் போகத்தான ஆத்தா வேணும். போயிட்டு, அய்யன மறந்துறாத" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு ஆண்டவருடையது ஒன்று, உங்களுடையது ஒன்று, இரண்டு ஆசீர்வாதம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் எத்தனை பேர் உங்களைக் கேலி பேசினார்கள், எத்தனை பந்தியில் தலை குனிந்தீர்கள் என்று தம்பி பிற்பாடுதான் சொன்னான்.

அம்மா போன பிறகு நீங்கள் எங்கள் வீட்டோடு வந்துவிட்டீர்கள். கண் ஆபரேஷன் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு கோயிலுக்கு நடந்து வந்தீர்கள். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துண்டு, அதே கடைசி பெஞ்சு. முதலில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகு, அவர்கள் இடத்தைக் காலியாக விடக் கூடாது என்பது போல நீங்கள் வந்தீர்கள்.

அந்த ஞாயிறு வந்தது. புதிதாக மாறி வந்திருந்த போதகரின் முதல் திருவிருந்து ஆராதனை. நான் பீடத்தில் முழங்காலிட்டு, எழுந்து திரும்புகிறேன், வரிசையில் நீங்கள் நிற்கிறீர்கள். எனக்கு உயிர் போய்விட்டது. ஞானஸ்நானம் எடுத்து, அதை உறுதி செய்கிற திடப்படுத்தலும் வாங்கினவர்களுக்குத்தான் அது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. போதகர் உங்கள் நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு அப்பத்தை வைத்துவிட்டார். நீங்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாதியைப் பிட்டு வாயில் போட்டீர்கள். மீதிப் பாதியை, பிரசாதத்தை முடிகிற மாதிரி துண்டு முனையில் முடிந்துகொண்டீர்கள். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

தெருவில் வைத்து நான் உங்களைத் திட்டியது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. "என்னயக் கேக்காம ஏன் போனீக?" என்றேன். "எல்லாரும் வரிசையில போனாக, நானும் போனேன். சாமி குடுக்கையில வேணாம்னா சொல்றது?" என்றீர்கள். "பாதிய எதுக்கு முடிஞ்சீக?" என்று கத்தினேன். "சம்பந்தியம்மாவால வர முடியலைல ஆத்தா. அவுக பங்கு" என்றீர்கள். அந்த இடத்திலாவது நான் நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. "இது ஒங்க விபூதி குங்குமம் இல்ல. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என் மானத்த வாங்கிட்டீக" என்றேன்.

அடுத்த ஞாயிறும் என்னோடு வந்தீர்கள், ஆனால் வாசலோடு நின்றுவிட்டீர்கள். எதிரில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து, ஆராதனை முடிகிறவரை கோயிலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எட்டு மாதம் அப்படி. ஒரே ஒரு தடவை "உள்ள வாங்கய்யா" என்று நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பீர்கள். எனக்கு அந்த நேரத்தில் அது நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை. எஸ்தர் அக்கா உங்களை வெளியே தள்ளிவிட்டார் என்று பல மாதம் பொருமினேனே, அவருக்கு முன்னாலேயே உங்களை வெளியே உட்கார வைத்தவள் நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள் அய்யா.

இனி சந்தோஷம்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை, மரித்தவர்களை நினைக்கிற ஆராதனை உண்டு. வீட்டார் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், செயலாளர் பட்டியல் எடுப்பார், போதகர் பீடத்தில் நின்று ஒவ்வொரு பெயராக வாசிப்பார். வாசிக்கும்போது அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன், "கோம்பை பழனிச்சாமி" என்று. செயலாளர் ஞானசிகாமணி அண்ணாச்சி உங்களுக்குத் தெரிந்தவர்தான், உங்களுக்கு நெஞ்சுவலி வந்தபோது கார் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாரே, அவர். சீட்டைப் படித்துவிட்டு மெதுவாக மடித்து என் கையிலேயே வைத்தார்.

"தப்பா எடுத்துக்கிறாதம்மா. அய்யா தங்கமான மனுசரு. ஆனா இது நம்ம சபையார் லிஸ்ட்டு. ஞானஸ்நானம் எடுக்காத ஒருத்தர் பேர வாசிச்சா, நாளைக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு பேரோட வருவாக. அப்புறம் அது எங்கன போயி நிக்கும்?"

வீட்டுக்கு வந்து அடுப்படியில் கையில் கிடைத்ததையெல்லாம் நங்கு நங்கென்று வைத்தேன். மாமியார் படுக்கையிலிருந்து, "கடைச் சரக்கப் பூராம் நசுக்கிராத. என்னான்னு சொல்லு" என்றார்கள். சொன்னேன். எஸ்தர் அக்கா சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "முத்து, ஒங்கிட்ட ஒண்ண மறைச்சுட்டேன்" என்றார்கள்.

"அன்னைக்கு மத்தியானம் நீ கடைக்குப் போயிருந்த. சம்பந்தி வந்து துண்ட அவுத்தாக. 'ஒங்க சாமி பிரசாதம் சம்பந்தியம்மா, ஒங்க பங்கு'ன்னு நீட்டுனாக. 'முத்துகிட்டச் சொல்லிறாதீக, வையும்'னாக."

"அத என்ன செஞ்சீக அத்தை?"

"சாப்புட்டேன். போதகர் மாறுன சமயம், மூணு மாசமா வீட்டுக்குத் திருவிருந்து கொண்டாற ஆளில்ல. சபையில அத்தன பேரு இருக்காக, ஒருத்தருக்கும் என் ஞாபகம் வரல. அந்த மனுசனுக்கு வந்துச்சு. ஒங்க அய்யா கையில வாங்கிச் சாப்புட்டு நான் அழுதேன்டி. அவுகளும் அழுதாக."

அய்யா, உங்கள் பொங்கலைப் பக்கத்து வீட்டில் கொடுத்த அம்மாள் இவர்கள். என்னால் நம்பவே முடியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து நானும் அழுதேன். வெட்கத்தால் பாதி, சந்தோஷத்தால் பாதி.

அந்த ஆராதனை ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் தனக்கு வெள்ளைச் சேலை கட்டிவிடச் சொன்னார்கள். இரண்டு வருஷமாக வாசல் தாண்டாதவர்கள். டாக்டர் திட்டுவார் என்று உங்கள் மருமகன் சொன்னதற்கு, "ஏலே, ஆட்டோவக் கூப்புடு, இல்லன்னா நான் தவந்தே போவேன்" என்றார்கள். கோயில் வாசலில் இறக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து உள்ளே தூக்கிப் போனோம். நாற்காலியின் ஒரு பக்கம் உங்கள் மருமகன், மறுபக்கம் பிடிக்க ஓடி வந்தது அண்ணாச்சி. ஒரு காலத்தில் மாமியாரின் ஞாயிறு பள்ளியில் படித்தவர் அவர்.

போதகர் ஏழு பெயர் வாசித்தார். காகிதத்தை மடித்தார். மாமியார் கையைத் தூக்கினார்கள். "ஐயா, ஒரு பேரு விட்டுப்போச்சு. கோம்பை பழனிச்சாமி. எனக்குச் சம்பந்தி."

மாமியார் அதோடு நிறுத்தவில்லை. "நான் எந்திரிக்க முடியாமக் கெடந்தப்ப, கர்த்தருடைய பந்தியிலருந்து என் பங்க எனக்குக் கொண்டாந்து குடுத்தவுக. அந்தப் பந்தியில எனக்கு எடம் உண்டுன்னா அவுகளுக்கும் உண்டு. இல்லன்னா எனக்கும் வேணாம்."

போதகர் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. மற்ற ஏழு பெயரையும் வாசித்த அதே குரலில், "கோம்பை பழனிச்சாமி" என்றார். நான் எழுந்து நின்றேன். உங்கள் மருமகன் எழுந்தார்.

நாங்கள் உட்காரவில்லை, அதற்குள் பக்கவாட்டில் ஒரு சத்தம். அண்ணாச்சி கையில் பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார். "செல்லத்தாயி" என்றார். "எங்கம்மா. நான் ஞானஸ்நானம் வாங்குறதுக்கு முந்தியே போயிட்டாக. இத்தன வருசத்துல இங்கன நான் அவுக பேரச் சொன்னதே இல்ல." போதகர் "செல்லத்தாயி" என்றார். ஆண்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்து "மாயாண்டி, எங்கய்யா" என்றார். அதற்குப் பிறகு யார் சொன்னார்கள், எந்தப் பெஞ்சு என்று எனக்குத் தெரியவில்லை. கருப்பாயி. வீரபத்திரன். சின்னப் பேச்சி. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது அய்யா, எல்லோரும் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள். போதகர் அவசரப்படவே இல்லை, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு குடும்பம் ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டது. கமிட்டியில் பேச்சு நடக்கிறதாம். நடக்கட்டும்.

எனக்கு முன் பெஞ்சில் எஸ்தர் அக்கா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவர் எழ மாட்டார் என்று நினைத்தேன். எல்லோரும் சொல்லி முடித்து, போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடப் போகிற நேரத்தில் அவர் எழுந்தார். "முருகேசன்" என்றார். "என் கூடப் பொறந்த தம்பி. இருவத்தி ரெண்டு வயசு." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் யாருக்காக "அய்யோ பாவம்" என்றார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் நிற்க மாட்டாமல் நின்றார், நான் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்குத் திருவிருந்தும் இருந்தது, பல மாதத்துக்குப் பிறகு நான் பீடத்துக்குப் போனேன். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும். பொட்டு வைத்திருந்த என்னிடம் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தவர், திருநீறு வைத்த உங்களிடம் மட்டும் சீட்டுக் கேட்பாரா? அவருக்கு நன்றி, என் மாமியாருக்கு நன்றி. என்னை இவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கூடவே உங்களையும் கொடுத்த உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அய்யா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயில் வாசல் வரை வந்து, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிற்கிறவர்கள் எப்போதும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். இனி அப்படிப் போக மாட்டேன். யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, என் பக்கத்தில் உட்கார வைப்பேன். உங்களுக்குச் செய்யாததை அவர்களுக்குச் செய்வேன்.

உங்களை வாசலில் நிறுத்திவிட்டு, உங்களாலேயே உள்ளே வந்து சேர்ந்த மகள்,
முத்துலட்சுமி
அல்லிநகரம்